கடைசிப் பக்கத்தில் இருந்த பாலம்

பாலம் கேட்டு ஒரு மனு எழுதினேன். அதற்கு எனக்குச் சால்வை போர்த்தினார்கள்.

எங்கள் மலை ஊரான சோளக்காட்டில் குறை கேட்கும் முகாம் நடந்த நாள் அது. ஆடி மாதம். பந்தலுக்குள் பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டிருந்தார்கள். வெளியே தூறல். பந்தல் துணியில் தொப்பை போலத் தேங்கிய தண்ணீரை ஒருவர் கழியால் குத்திக் குத்தித் தள்ளிக்கொண்டிருந்தார். பக்கத்துக் கடையிலிருந்து பலாப்பழ வாசனை வந்துகொண்டே இருந்தது.

கீழேயிருந்து வந்திருந்த அதிகாரி மனுக்களை ஒவ்வொன்றாகப் புரட்டினார். என் மனு வந்ததும் கை நின்றது. இரண்டு வரி மனதுக்குள் படித்தார். புருவம் ஏறியது. யார் எழுதியது என்று கேட்டதும் பக்கத்தில் இருந்தவர்கள் என்னைக் காட்டினார்கள். மைக்கை இழுத்து வைத்துக்கொண்டார்.

"எல்லாரும் கொஞ்சம் கேளுங்க. இந்த மலையில இப்படித் தமிழ் எழுதுற ஒரு அம்மா இருக்காங்க" என்று சொல்லி, முதல் பக்கத்தை உரக்கப் படித்தார்.

"மேகங்கள் தலை துவட்டும் முகடுகளும், தேன் சொட்டும் பலாவும், பொன் விளையும் சாமைக் கொல்லைகளும் சூழ்ந்த எங்கள் மலைமகள், தங்கள் பொற்பாதம் பட்டு இன்று பூரித்து நிற்கிறாள்..."

பக்கம் முடிந்ததும் கைதட்டல். யாரோ முக்கிய விருந்தாளிக்கு வாங்கி வைத்திருந்த சால்வையை எடுத்து என் தோளில் போட்டார்கள். ரோஸ் கலர், ஜரிகைக் கரை. நான் எழுந்து எல்லாப் பக்கமும் கும்பிட்டேன்.

எனக்குப் பக்கத்து நாற்காலியில் சடையன் உட்கார்ந்திருந்தார். மனு அவருடையது. அவர் கேட்டுத்தான் எழுதினேன். துவைத்த சட்டையின் பட்டனைக் கழுத்து வரைக்கும் போட்டிருந்தார். அவர் கைதட்டவில்லை. முன்னால் குனிந்து, மைக்கையே பார்த்துக்கொண்டிருந்தார். கைதட்டல் சத்தத்துக்கு நடுவே என் காதுப் பக்கம் வந்து கேட்டார்.

"ஏனுங்கக்கா, பாலம் இன்னும் வரலீங்களே?"

"கடைசிப் பக்கத்துல இருக்குது தம்பி. வரும்" என்றேன்.

அதிகாரி மூன்று பக்க மனுவில் முதல் பக்கத்தோடு நிறுத்திக்கொண்டார். ஃபைலில் சொருகினார். அடுத்த மனுவை எடுத்தார். நான் அதைப் பார்த்தேன். எழுந்து, "ஐயா, கடைசிப் பக்கத்தையும் படிங்க" என்று சொல்லியிருக்கலாம். நாக்கு ஒன்றும் அறுந்துபோய்விடாது. சொல்லவில்லை. தோளில் சால்வை இருந்தது.

அன்றைக்கு எனக்கு ரொம்பச் சந்தோஷம். இப்போது நினைத்தால் என்னையே நாலு அறை அறையலாம் போல இருக்கிறது.

செருப்பைப் போட்ட பிறகு

இந்தத் தொடரை இந்த வாரம்தான் கையில் எடுத்தவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். சோளக்காட்டில் பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். பிறந்தது பெரக்கரை நாடு; பல ஊர் சேர்ந்ததை எங்கள் மலையில் நாடு என்போம். கடை வைத்த நாளிலிருந்து மனு எழுதிக் கொடுக்கிறேன். பட்டாவா, பென்ஷனா, கரண்டா, எதுவானாலும் என்னிடம்தான் வருவார்கள்.

சடையன் திண்ணனூர் நாட்டில் பலாமரத்து வளவைச் சேர்ந்தவர். வளவு என்றால் எங்கள் பக்கம் சின்ன ஊர், முப்பது வீடு இருக்கும். அவர் முதன்முதலில் கடைக்கு வந்த நாள் நன்றாக நினைவிருக்கிறது. பெஞ்சில் உட்கார்ந்தார். இந்த வருஷம் மிளகு சரம் பிடிக்கவில்லை என்றார். குச்சிக்கிழங்கைப் பன்றி தோண்டிவிட்டது என்றார். பாப்பாவுக்கு இருமல் விடவே மாட்டேன் என்கிறது என்றார். பஸ் லேட் என்றார். டீ வாங்கிக் கொடுத்தேன், குடித்தார். ஒரு மணி நேரம் ஆனது. எழுந்தார். செருப்பைப் போட்டார். படியில் ஒரு காலை வைத்துவிட்டுத் திரும்பினார்.

"அப்புறங்க அக்கா, எங்க வளவுக்கு முன்னால ஒரு ஓடை போவுதுங்க. மழை வந்தா இந்தப் பக்கம் வர வழியில்லீங்க. ஒரு பாலத்துக்கு எழுதிக் குடுத்தீங்கன்னா..."

எங்கள் மலையில் இதுதான் வழக்கம். உள்ளே வந்ததும் வந்த காரியத்தைச் சொல்ல மாட்டோம். அப்படிச் சொன்னால் கையேந்திக்கொண்டு வந்தது போல ஆகிவிடும் என்று கூச்சம். பெண் கேட்கப் போனாலும் அப்படித்தான். சோறு தின்று, வெற்றிலை போட்டு, மழையைப் பேசி, மாட்டைப் பேசி, கிளம்பும்போதுதான் "அப்புறம்" என்று ஆரம்பிப்போம். சாவுச் செய்தி கொண்டு வந்தவர்கூட ஒரு செம்பு தண்ணீர் குடித்து, கொல்லையில் என்ன போட்டிருக்கிறீர்கள் என்று கேட்டுவிட்டுத்தான் சொல்வார். அதனால் வந்தவர் எழுந்து செருப்பைத் தேடினால் வீட்டுக்காரர்கள் உஷாராகிவிடுவார்கள்.

நான் மனு எழுதியதும் இந்த வழக்கப்படிதான். மலையைப் பேசினேன், மேகத்தைப் பேசினேன், பழைய மன்னர்களைப் பேசினேன். மூன்றாம் பக்கத்தின் அடியில், கையெழுத்துக்கு இரண்டு வரிக்கு மேலே, "அப்புறங்க" என்கிற மாதிரி பாலத்தைக் கேட்டேன்.

அதிகாரி எங்கள் வீட்டுக்கு வந்த விருந்தாளியா? நான் செருப்பு போடும்வரை காத்திருக்க அவருக்கு என்ன தலையெழுத்து? அவருக்கு முன்னால் இருநூறு மனு கிடந்திருக்கும். இது எனக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்துதான் இத்தனை வருஷம் இப்படியே எழுதிக்கொண்டிருந்தேன். கிடைத்த பாராட்டு அப்படி.

உவமை நோட்டு

இந்த வியாதி எனக்குப் பள்ளிக்கூடத்திலேயே வந்துவிட்டது.

ஹாஸ்டலில் தங்கிப் படித்தேன். எங்கள் தமிழ் ஐயா கட்டுரையைப் படிக்க மாட்டார், சாண் போட்டு அளப்பார் என்று பிள்ளைகள் கேலி செய்வோம். நீளமாக இருந்தால் மார்க். நடுவில் இரண்டு உவமை இருந்தால் கூட இரண்டு மார்க். நான் அதற்கென்றே ஒரு நோட்டுப் போட்டேன். அட்டையில் 'உவமை நோட்டு' என்று எழுதி, பூ வரைந்து வைத்திருந்தேன். நிலாவுக்கு இத்தனை, கண்ணுக்கு இத்தனை, மழைக்கு இத்தனை என்று பக்கம் பிரித்து, எங்கே எதைப் படித்தாலும் பொறுக்கி அதில் சேர்ப்பேன். பேச்சுப் போட்டியில் எவர்சில்வர் டிபன் பாக்ஸ் வாங்கினேன். தலைப்பு 'நீர்'. தண்ணீரைத் தாய் என்றேன், தேவதை என்றேன், வானத்தின் கடிதம் என்றேன். எங்கள் ஊரில் அப்போது அரை மைல் நடந்து ஊற்றுக்குப் போய்த்தான் குடம் நிரப்ப வேண்டும். அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பேச வேண்டும் என்று தோன்றவே இல்லை.

கல்யாணமாகி வந்த புதிதில் பக்கத்து வீட்டுப் பெண்ணுக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தேன். அவள் புருஷன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருந்தான். அவள் சொன்னது இவ்வளவுதான்: "கூரை ஒழுவுது, வந்து மேஞ்சு குடுத்துட்டுப் போகச் சொல்லுங்க." நான் நோட்டைத் திறந்தேன். தனிமை என்ற பக்கத்தில் இருந்ததை எல்லாம் கொட்டினேன். கூரையைக் கடைசி வரியில் வைத்தேன். அவன் அடுத்த பஸ்ஸில் வந்து இறங்கினான். கூரை மேய அல்ல. "இத்தன விவரமா எவன்டி உனக்கு லெட்டர் எழுதிக் குடுக்கறான்?" என்று சண்டை போட வந்தான். நான் போய் என் கையெழுத்தைக் காட்டிய பிறகுதான் அடங்கினான். கூரையை மேய்ந்தானா என்றால், அந்த வருஷம் மேயவில்லை.

ஊரே சிரித்தது. நானும் சிரித்தேன். அந்தக் கடிதத்திலேயே எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும். வரவில்லை. நாம் எழுதியது ஒருவனை பஸ் ஏற்றிக் கொண்டுவந்து விட்டதே என்று பெருமையாக இருந்தது.

போன வாரம் இந்தப் பத்திரிகையிலிருந்து போன் செய்தார்கள். தொடர் நன்றாகப் போகிறதாம், மலையின் அழகைக் கொஞ்சம் கூட்டி எழுதச் சொல்கிறார்கள். மூடுபனி, அருவி, எழுபது கொண்டை ஊசி வளைவு. எனக்குச் சுர்ரென்று ஏறியது. எழுதுகிறேன் என்று சொல்லி வைத்துவிட்டேன். எழுத மாட்டேன்.

ஐப்பசி

முகாம் நடந்த போன வருஷம், ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. பட்டப்பகலில் கடையில் லைட் போட்டு உட்கார்ந்திருந்தேன். சடையன் நனைந்துகொண்டு வந்தார். மருந்துக் கடைக்கு வந்தேன் என்று சொல்லி, சட்டைப் பையிலிருந்து இருமல் மருந்தை எடுத்துக் காட்டினார். பாப்பாவுக்கு இன்னும் இருமல் விடவில்லை. "இருந்து மழை உட்டதும் போங்க தம்பி" என்றேன். "பாப்பா ராத்திரியெல்லாம் தூங்கறதில்லீங்க அக்கா. வாரேனுங்க" என்று போனார். படியில் திரும்பி எதுவும் கேட்கவில்லை. கேட்க வேண்டியதை ஆடியிலேயே கேட்டுவிட்டார்.

மறுநாள் காலையில் திண்ணனூர் பக்கமிருந்து வந்த பஸ்ஸில், ஓடை சடையனை இழுத்துக்கொண்டு போன செய்தி வந்தது.

துக்கம் கேட்கப் போனேன். ஓடையை அன்றுதான் முதல் தடவையாகப் பார்த்தேன். ஆமாம், முதல் தடவை. மூன்று பக்கம் எழுதிய எனக்கு அந்த ஓடை எங்கே இருக்கிறது, எவ்வளவு அகலம், எந்தப் பாறையில் கால் வைத்துத் தாண்டுகிறார்கள் என்று எதுவுமே தெரியாது. கடையில் உட்கார்ந்துகொண்டு நோட்டைப் பார்த்து எழுதியிருந்தேன். அந்த ஓடையைச் 'சலங்கை கட்டிய நங்கை' என்று இரண்டாம் பக்கத்தில் எழுதியிருந்தது நினைவுக்கு வந்தது.

காரியம் முடிந்து சில நாள் கழித்து அவர் மனைவி செல்லி கடைக்கு வந்தாள். கையில் போலீஸ் ஸ்டேஷனில் கொடுத்த முதல் தகவல் அறிக்கை. நாலு காப்பி எடுக்க வேண்டும். ஜெராக்ஸ் மிஷின் மேல் தூசி படாமல் இருக்க அந்தச் சால்வையைத்தான் போர்த்தி வைத்திருந்தேன். சால்வையை விலக்கித்தான் சடையனின் தாளை உள்ளே வைத்தேன். செல்லி அந்த ஜரிகையைப் பார்த்தாள்.

அவள் பெஞ்சில் உட்காரவில்லை. மழையைப் பேசவில்லை, மிளகைப் பேசவில்லை. நின்றபடியே நேராகச் சொன்னாள். எங்கள் மலையில் ஒருத்தர் உள்ளே வந்த கையோடு விஷயத்தைச் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

"மறுக்கா ஒரு மனு எழுதோணுங்க அக்கா. அதே பாலத்துக்கு. ஓடைக்கு அந்தப் பக்கம்தானுங்க பள்ளிக்கூடம். பாப்பாவ அடுத்த வருசம் சேக்கோணும். இந்தத் தடவ அழகா எழுதாதீங்க."

நான் மிஷினிலிருந்து காப்பிகளை எடுத்து அடுக்கினேன்.

"அவரு அன்னைக்கு வந்து சொன்னாருங்க. அக்காவுக்குச் சால்வ போத்துனாங்க செல்லி, அம்மாஞ் சனமும் கை தட்டுச்சு, நம்ம பாலமும் எங்கியோ கடேசில இருக்குதாம், அப்படின்னாரு. அவருக்குச் சந்தோசமுங்க. எனக்குத்தான் அப்பவே பகீர்னுச்சு."

'ம்' சொல்லாத வரிகள்

எழுத உட்கார்ந்தேன். கெட்டுப்போன ஜெராக்ஸ் தாள்களின் பின்பக்கத்தில்தான் நான் எப்போதும் முதலில் எழுதிப் பார்ப்பேன். எழுதிய முதல் வரி என்ன தெரியுமா? 'ஆறாத் துயரில் ஆழ்ந்திருக்கும் அபலை ஒருத்தியின் கண்ணீர் விண்ணப்பம்.' கிழித்தேன். அடுத்தது: 'காட்டாறு எனும் எமன்.' கிழித்தேன். எழுதுவது என் கைதான், ஆனால் அது நோட்டு சொல்வதைத்தான் கேட்கிறது. அன்றைக்கு வந்த கோபத்தில் பேனாவை ரோட்டில் எறிந்தேன். லாரி ஏறிவிட்டது.

அப்புறம் செல்லி கொடுத்த அறிக்கையை எடுத்துப் படித்தேன். எனக்கென்று ஒரு காப்பி எடுத்து வைத்திருந்தேன். யாரோ ஒரு ஏட்டு எழுதியது. அவருக்கு உவமையும் தெரியாது, ஒன்றும் தெரியாது. மாலை நாலு மணிக்கு ஓடையைக் கடந்தது, கடந்ததைப் பார்த்தவர் பேர், எந்தப் பாறை, உடல் எவ்வளவு தூரம் தள்ளிக் கிடந்தது. கடைசியில், 'சட்டைப் பையில் மூடி திறக்காத இருமல் மருந்து பாட்டில் ஒன்று.' அந்த வரியைப் படித்துவிட்டு ஷட்டரை இழுத்துவிட்டு அழுதேன். அதற்கப்புறம் கோபம் வந்தது. இந்த மனிதர் பொறுப்பாகப் பார்த்து எழுதியிருக்கிறார், நான் ஓடைப் பக்கமே போகாமல் எழுதியிருக்கிறேன்.

அன்றிலிருந்து கண்டதையும் படித்தேன். அதுவரை நானும் நிறையப் படிப்பவள்தான் என்று மார்தட்டிக்கொண்டிருந்தேன். உண்மையில் ஒரே மாதிரிப் புத்தகங்களைத்தான் திரும்பத் திரும்பப் படித்திருந்தேன், அதுவும் நோட்டுக்கு ஏதாவது தேறுமா என்று. இப்போது நூலகத்துக்குப் போய்க் கை போகாத அலமாரியில் எல்லாம் எடுத்தேன். கோழி வளர்ப்பு, கிணறு வெட்டுவது, கோர்ட்டுத் தீர்ப்பு, துப்பறியும் கதை. ஜெராக்ஸுக்கு வந்த டெண்டர் நோட்டீஸைப் படித்தேன். சமையல் புத்தகத்தில் 'தேவையான பொருட்கள்' முதலில் இருக்கிறது. எண்ணெய் காய்ந்த பிறகு, ஐயோ கடுகு இல்லையே என்று யாரும் முழிக்கக்கூடாது என்று அந்த அம்மா யோசித்திருக்கிறார். பூச்சி மருந்து பாட்டிலில் 'விஷம்' என்பதுதான் பெரிய எழுத்து. கம்பெனி பெருமை எல்லாம் அப்புறம்.

பனி நாட்டுக் கதை ஒன்று, மொழிபெயர்ப்பு. வர்ணனையே இல்லை என்று முன்பு பத்துப் பக்கத்தில் திருப்பிக் கொடுத்த புத்தகம். அதில் ஒருத்தன் மகனின் கடிதத்துக்காகக் காத்திருக்கிறான். சோகம் என்று எங்கேயும் எழுதவில்லை. அவன் ஏற்கெனவே சீவிய பென்சிலை மறுபடி சீவுகிறான், அவ்வளவுதான். முன்பு இதைத்தான் ஒன்றுமில்லை என்று திருப்பிக் கொடுத்தேன்.

அழகு மேல் எனக்குப் பகை ஒன்றும் இல்லை. நல்ல வரியைப் படித்தால் இன்றைக்கும் சிலிர்க்கும். ஆனால் ஒருத்தருடைய உயிர்ப் பிரச்சினையை வாங்கி வைத்துக்கொண்டு, அதன் மேல் ஏறி நின்று நான் ஆடினேன் பாருங்கள், அதை எதில் சேர்ப்பது?

செல்லி வாரம் ஒருநாள் சந்தைக்கு வருவாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது. எழுதியதைப் படித்துக் காட்டுவேன். கதை கேட்பவர்கள் 'ம்' கொட்டுவது போல அவளும் கொட்டுவாள். எந்த வரிக்கு 'ம்' வரவில்லையோ அதை அடிப்பேன். முதல் நாள் ஒன்றரைப் பக்கத்துக்கு மொத்தம் நாலு 'ம்'தான் வந்தது.

"எமன் எதுக்குங்க நடுவுல? தண்ணிதானுங்க அது" என்றாள். கிழித்த எமன் மறுபடி உள்ளே வந்திருந்தான், அடித்தேன்.

'கூப்பிடு தூரத்தில் ரோடு' என்று எழுதியிருந்தேன். எங்களுக்கு அது சரி. இந்தச் சரிவில் நின்று கூப்பிட்டால் அந்தச் சரிவில் கேட்கும். இறங்கி ஏறத்தான் முக்கால் மணி நேரம். கீழே இருப்பவருக்கு இது எப்படித் தெரியும்? அடித்துவிட்டு முக்கால் மணி நடை என்று எழுதினேன்.

இருமல் மருந்து பாட்டிலை ஒரு வரியில் வைத்திருந்தேன். அதைப் படித்ததும் செல்லி 'ம்' கொட்டவில்லை. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். எனக்குள் இருந்த பழைய கழுதை உடனே சொன்னது: ஆகா, இந்த வரி வேலை செய்கிறது, இதை முதலில் வை. செல்லி கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"அழுவ வெக்கறதுக்கா எழுதறீங்க? ஆபீசர் அழுதா பாலம் வருங்களா?"

"வராது" என்றேன்.

"அப்ப எடுத்துருங்க. அது எங்க ஊட்டுது. எங்கிட்டயே இருக்கட்டும்."

எடுத்துவிட்டேன். அதை இன்று இங்கே எழுதியிருக்கிறேன் என்றால் அவளைக் கேட்டுவிட்டுத்தான் எழுதியிருக்கிறேன். போன சந்தையன்று கேட்டேன். "இன்னும் பாலம் வரலீங்களே, எழுதுங்க" என்றாள்.

பதினோரு தடவை திருத்தினோம். கடைசியில் மிஞ்சியது இவ்வளவு:

'பலாமரத்து வளவு ஓடையில் பாலம் வேண்டும். சென்ற ஐப்பசியில் இந்த ஓடையைக் கடக்கும்போது என் கணவர் சடையன் இறந்தார். எங்கள் வீடுகள் ஓடைக்கு ஒரு பக்கம். பள்ளிக்கூடம், ரேஷன் கடை, ஆஸ்பத்திரி, ரோடு எல்லாம் மறுபக்கம், முக்கால் மணி நடை. மழை பெய்தால் தண்ணீர் மார்பளவு வரும். வேறு வழி இல்லை. நாங்கள் இன்றும் அதே இடத்தில்தான் கடக்கிறோம்.'

ஒவ்வொரு வரிக்கும் 'ம்' சொன்னாள். பெருவிரலில் மை தடவி வைத்தாள்.

எந்த இடம்?

மார்கழியில் இரண்டு பேரும் பஸ் பிடித்துக் கீழே ஆபீசுக்குப் போனோம். மனு வாங்குகிற இடத்தில் இருந்தவர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் காலியாக இருந்தது அவருக்குப் பிடிக்கவில்லை.

"என்னம்மா இது, தந்தி மாதிரி இருக்கு? மேன்மை தங்கியன்னு ஒரு வார்த்தை இல்ல, பணிவுடன்னு இல்ல. ஆபீசர் கோவிச்சுக்குவாங்க. வெளிய ஒருத்தர் நல்லா எழுதிக் குடுப்பார், போய் எழுதி வாங்கிட்டு வாங்க."

எனக்கு உச்சியில் ஏறியது.

"கோவிச்சுக்கட்டுங்க" என்றேன். "கோவிச்சுக்கறதுக்காவது முழுசாப் படிக்கோணும் இல்லீங்களா?"

அவர் முறைத்துக்கொண்டே டோக்கன் கொடுத்தார்.

இந்தத் தடவை வேறு அதிகாரி, ஒரு அம்மா. எங்கள் முறை வந்தபோது மணி ஒன்று தாண்டிவிட்டது. பசியில் இருந்திருப்பார். மனுவை வாங்கினார், படித்தார். படித்து முடித்த பிறகும் தாளைக் கீழே வைக்கவில்லை. பக்கத்தில் இருந்த இன்ஜினியருக்காக இன்னொரு தடவை சத்தமாகப் படித்தார். கடைசி வரி வரைக்கும் படித்தார். அந்த ஹாலில் அறுபது எழுபது பேர் இருந்திருப்போம்.

ஒருத்தரும் கைதட்டவில்லை.

இன்ஜினியர் நிமிர்ந்து செல்லியைப் பார்த்துக் கேட்டார்:

"எந்த இடம்மா இது?"

செல்லி வழி சொன்னாள். ரோட்டிலிருந்து எங்கே இறங்குவது, எந்தப் பலாமரத்துக்குப் பக்கத்தில் திரும்புவது, எந்தப் பாறை வழுக்கும், எல்லாம் சொன்னாள். அவர் தாளில் படம் போட்டுக்கொண்டார்.

இத்தனை வருஷத்தில் என் எழுத்துக்கு அருமை, அபாரம், தேன் என்று என்னென்னவோ சொல்லியிருக்கிறார்கள். எந்த இடம் என்று யாரும் கேட்டதில்லை. வெளியே வந்து சுவரில் சாய்ந்து நின்றேன். சந்தோஷம் வரவில்லை. இந்த மனுவை ஆடியிலேயே எழுதியிருக்கலாம் என்பதுதான் திரும்பத் திரும்ப வந்தது. எழுதியிருந்தால் ஐப்பசிக்குள் பாலம் வந்திருக்குமா என்று எனக்குத் தெரியாது. வராமலும் போயிருக்கலாம். ஆனால் அந்த மனிதர் என்னிடம் கேட்டது பாலம்தான், அதை நான் மூன்றாம் பக்கத்தில் ஒளித்து வைத்தேன். அதில் சந்தேகமே இல்லை.

தை மாதம் இன்ஜினியர் வந்தார். டேப் பிடித்து அளந்தார்கள். இரண்டு கரைப் பாறையிலும் சிவப்புப் பெயின்டில் குறி போட்டார்கள். வளவில் அன்றைக்குப் பொங்கல் வைத்தார்கள்.

அதோடு சரி. மாசி போனது, பங்குனி போனது, சித்திரை போனது. கேட்டால் ஃபைல் நகர்கிறது என்கிறார்கள். ஓடையும்தான் நகர்கிறது. நான் இன்னொரு மனு எழுதினேன். 'நீங்கள் சிவப்புப் பெயின்ட் அடித்த இடத்தில் பாலம் வேண்டும்' என்பது முதல் வரி. இரண்டாவது வரி கிடையாது. வாரா வாரம் அதையே அனுப்புகிறேன். ஜெராக்ஸ் மிஷின் என்னிடம்தானே இருக்கிறது.

இப்போது புரட்டாசி. பெயின்ட் வெளுத்துவிட்டது. செல்லி இன்று காலையில் சந்தைக்கு வந்தாள். சேலை முழங்கால் வரைக்கும் நனைந்திருந்தது. பாப்பாவை இந்த வருஷம் ஒண்ணாவது சேர்த்திருக்கிறாள். காலையில் முதுகில் தூக்கிக்கொண்டு வந்து இந்தப் பக்கம் விடுகிறாள், சாயங்காலம் மறுபடி தூக்கிக்கொண்டு போகிறாள்.

இதைப் படித்துவிட்டு, அருமையாக எழுதியிருக்கிறீர்கள் என்று எனக்குக் கடிதம் போடாதீர்கள். என்னிடம் ஒரு சால்வை இருக்கிறது, போதும். எந்த இடம் என்று கேளுங்கள். சோளக்காட்டில் பஸ்ஸை விட்டு இறங்கினால் எதிரே என் கடை. நானே கூட்டிக்கொண்டு போய்க் காட்டுகிறேன்.

ஐப்பசிக்கு முன்னால் வாருங்கள்.